வெள்ளைச் சோல் மஞ்சளாவது ஏன்? ஷூ சரக்கை இருப்பு வைப்போர் கவனத்திற்கு

துவரம்பருப்பில் எந்த மாதம் வண்டு விழும், வெல்லம் எப்போது கசியத் தொடங்கும், வற்றல் மிளகாய் எத்தனை நாளில் நிறம் இறங்கும் என்பதையெல்லாம் நம் வணிகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாக்கில் கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவோம். ஆனால் சில ஆண்டுகளாக நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் நாம் கையாண்டு பழகாத ஒரு சரக்கை இருப்பு வைத்து வருகிறார்கள். ஸ்னீக்கர் எனப்படும் விலை உயர்ந்த விளையாட்டு ஷூதான் அந்தச் சரக்கு. காலில் போடுவதற்காக அவர்கள் வாங்குவதில்லை. பெட்டியோடு பூட்டி வைத்திருந்து, விலை ஏறிய பின் விற்பதற்காக வாங்குகிறார்கள்.

"செருப்பை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதா?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அப்படிச் சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய சங்கதி அல்ல இது. அமெரிக்காவில் நைக்கி நிறுவனம், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் பெயரில் 1985ஆம் ஆண்டு ஏர் ஜோர்டன் ஷூவைக் கடைக்குக் கொண்டுவந்தபோது ஜோடி விலை 65 டாலர். அவரே காலில் போட்டு ஆடிய 1985ஆம் ஆண்டு ஜோடி ஒன்று 2020இல் 5,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. 1998 இறுதிப் போட்டியில் அவர் அணிந்த இன்னொரு ஜோடி 2023 ஏப்ரலில் 22 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த விலையெல்லாம் ஷூவுக்கு அல்ல, அதைப் போட்ட காலுக்கு என்று நாம் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் யாருடைய காலும் படாத சாதாரண ஜோடிகளுக்கும் உலகமெங்கும் ஒரு மறுவிற்பனைச் சந்தை உருவாகிவிட்டது. சென்னை, பெங்களூரு, மும்பையிலும் இளைஞர்கள் இதில் முதல் போடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காலில் போடாத, பெட்டி கலையாத ஷூவை இந்தச் சந்தையில் "டெட் ஸ்டாக்" என்று சொல்கிறார்கள். நம் பேரேட்டில் அந்தச் சொல்லைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். அவர்களுக்கோ அதுதான் முதல் தரச் சரக்கு!

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகன் இவ்விதம் நாற்பது ஜோடி வாங்கி வைத்திருந்தான். முதல் ஐந்தரை லட்சம் ரூபாய். கடையின் பின்புறக் குடோனில் பரண் மேல் அடுக்கியிருந்தான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே வற்றல் மிளகாயும் எண்ணெய் டின்னும். வாசலில் சரக்கு இறக்கும் டீசல் வண்டி நிற்கும், பக்கத்திலேயே ஜெனரேட்டர். இரண்டு மழைக்காலம் கழிந்து, வாங்க வந்தவர் முன்னிலையில் பெட்டிகளைத் திறந்தபோது பதினோரு ஜோடியில் வெள்ளைச் சோல் மஞ்சளித்துக் கிடந்தது. பழைய வரவாக வாங்கியிருந்த மூன்று ஜோடியில் சோலை விரலால் அழுத்தியதும் ரஸ்க் போல உதிர்ந்தது. வந்தவர் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்று தகப்பனார் அழைத்ததன் பேரில் நாம் போயிருந்தோம். "நான் பெட்டியத் தொறக்கவே இல்லையே பெரியப்பா, எப்படிக் கெட்டுச்சு?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. திறக்காத பெட்டியில் சரக்கு எப்படிக் கெடும்? இதற்கு விடை தேடிச் சோல் தயாரிப்பில் பழகியவர்களிடமும் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் நண்பர்களிடமும் விசாரித்தோம், படித்தும் பார்த்தோம். அதில் கிடைத்தவற்றை நம் உறுப்பினர்களுக்கும் தெரிவிக்கிறோம்.

மஞ்சளாவது ஒரு நோய், உதிர்வது வேறொரு நோய். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலில் மஞ்சளைப் பார்ப்போம். இன்றைய ஷூ சோல்கள் ரப்பர், ஈ.வி.ஏ. என்னும் இலேசான நுரைப் பிளாஸ்டிக், பாலியூரித்தேன் ஆகியவற்றால் ஆனவை. பாலியூரித்தேனை 1937ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரின் குழு கண்டுபிடித்தது. இதில் இரண்டு குலம் உண்டு. விலை மலிவானதும் பரவலாகப் பயன்படுவதுமான வகை, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் பட்டால் மஞ்சளாகியே தீரும். அது அதன் பிறவிக்குணம். மஞ்சளாகாத வகையும் இருக்கிறது, ஆனால் விலை அதிகம். வெள்ளைச் சோலிலும் கண்ணாடி போன்ற சோலிலும்தான் இந்த மாற்றம் கண்ணில் படுகிறது. கறுப்புச் சோலிலும் நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 1990இல் வந்த ஐந்தாம் வரிசை ஏர் ஜோர்டனிலும் 1995இல் வந்த பதினோராம் வரிசையிலும் ஒளி ஊடுருவும் சோல் வைத்தார்கள். சேகரிப்பவர்களுக்கு அதிகத் தலைவலி கொடுப்பது இந்தச் சோல்தான். வேட்டிக்கு நீலம் போடுவது போல இத்தகைய சோலுக்கும் சிறிது நீலச் சாயல் சேர்ப்பதுண்டு. மஞ்சள் ஏற ஏற அந்த நீலம் அதை மறைக்க முடியாமல் தோற்றுவிடுகிறது.

வெயில் படாத பெட்டிக்குள்ளும் மஞ்சள் வருவதற்குச் சூடு ஒரு காரணம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய வேதி மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் வைத்த சரக்கும் தரைத் தளத்து உள்ளறையில் வைத்த சரக்கும் ஒரே வயதில் இருந்தாலும் ஒரே முதுமையில் இரா.

இன்னொரு காரணம் நம்மில் பலர் எதிர்பாராதது: பாதுகாப்புக்காகச் சுற்றி வைக்கும் பாலிதீன் உறை. இதைத் திருப்பூர்க்காரர்கள் நெடுநாளாக அறிவார்கள். வெளுத்து மடித்துப் பாலிதீன் உறையில் போட்ட வெள்ளைப் பனியன், குடோனில் சில வாரம் கிடந்த பின் மடிப்பு ஓரங்களில் மஞ்சளித்து நிற்கும். துணியில் குற்றம் இராது. பிளாஸ்டிக் கெடாமல் இருக்க அதில் பி.எச்.டி. என்ற மருந்தைச் சேர்ப்பதுண்டு. உணவுப் பொருள் உறைகளில் சேர்க்கை எண் 321 என்று போட்டிருப்பதும் இதே மருந்துதான். அது ஆவியாகி உறையிலிருந்து துணிக்கு வந்து சேரும். டீசல் வண்டி, ஜெனரேட்டர், எரிவாயு அடுப்பு ஆகியவற்றின் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு அதனோடு கலந்தால் மஞ்சள் நிறப் பொருளொன்று உண்டாகும். ஆகவேதான் ஏற்றுமதி செய்வோர் பி.எச்.டி. கலக்காத உறை என்று கேட்டு வாங்குகிறார்கள். ஷூவின் மேல்பாகத்துத் துணிக்கும் வெள்ளை நாடாவுக்கும் வெள்ளைச் சோலுக்கும் இதே விபத்து நேரலாம். அந்தப் பையனின் குடோன் வாசலில் நின்ற வண்டியையும் ஜெனரேட்டரையும் நாம் குறிப்பிட்டது இதனால்தான்.

அட்டைப் பெட்டியும் முழுக்க நல்லதென்று சொல்வதற்கில்லை. பழைய செய்தித்தாள் மஞ்சளாவதற்குக் காரணமான மரச்சத்தும் அமிலமும் மலிவான அட்டையிலும் உண்டு. ஷூவுக்குள் வடிவம் நிற்பதற்காகச் செய்தித்தாளைச் சுருட்டித் திணிப்பது நம் கடைகளில் பழக்கம். வாரக் கணக்கில் விற்றுப் போகும் சரக்குக்கு அதனால் பாதகமில்லை. ஆண்டுக் கணக்கில் வைப்பதற்கு ஆகாது. அமிலம் நீக்கிய வெள்ளைத் தாள் கிடைக்கிறது, அதையே போட வேண்டும்.

இனி உதிர்வதைப் பார்ப்போம். பணத்துக்குப் பெரிய ஆபத்து இதுதான். மஞ்சளான ஷூவை விலை குறைத்தாவது விற்கலாம், உதிர்ந்த ஷூவைக் குப்பையில்தான் போட வேண்டும். ஷூவின் மேல்பாகத்துக்கும் தரையில் படும் சோலுக்கும் நடுவே மெத்தை போன்ற பகுதி ஒன்று உண்டு. பல ஷூக்களில் அது பாலியூரித்தேன் நுரையால் செய்யப்பட்டிருக்கும். அந்த நுரையில் ஒரு வகை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, தன் கட்டமைப்பைத் தானே அறுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலில் போட்டு நாலடி நடந்தால் தூளாகக் கொட்டும். 1985ஆம் ஆண்டின் முதல் வரிசை ஏர் ஜோர்டனுக்கு ரப்பர் சோல். அவற்றில் பல இன்றும் முழுதாக நிற்கின்றன. 1988, 1989இல் வந்த மூன்றாம், நான்காம் வரிசையின் நடு மெத்தை பாலியூரித்தேன் என்பதால், எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தவையும் பொடியாகிவிட்டன. ஈ.வி.ஏ. நுரைக்கு இந்த நோய் இல்லை, அது நாளடைவில் இறுகித் தட்டையாகும், அவ்வளவே.

இவ்விஷயத்தில் சேகரிப்போர் அனுபவத்தில் கூறுவது ஒன்று நமக்கு வியப்பளித்தது. அவ்வப்போது போட்டு நடக்கும் ஷூ, பூட்டி வைத்த ஷூவைவிட அதிக காலம் உதிராமல் நிற்கிறதாம். நடக்கும்போது மெத்தை அழுந்தி ஈரம் வெளியேறுவதுதான் காரணம் என்கிறார்கள். ஆனால் போட்டு நடந்தால் அது "டெட் ஸ்டாக்" ஆகாதே! விற்பதற்கென்று வைப்பவனுக்கு இது இருபுறமும் இடிக்கும் மத்தளம்தான்.

அப்படியானால் எப்படித்தான் வைப்பது? கீழ்த்தளத்தில், வெளிச்சம் நேரே விழாத, சுவரில் ஓதம் ஏறாத உள்ளறை வேண்டும். தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் அடுக்கக் கூடாது. நாம் மூட்டைக்குக் கட்டை போட்டு அட்டி வைப்பது போலவே இதற்கும் அடியில் கட்டை வேண்டும், சுவருக்கு ஒரு சாண் இடைவெளி வேண்டும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருப்பது நல்லது. நம் கடலோர ஊர்களில் அது சர்வ சாதாரணமாக 70ஐத் தாண்டும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெட்டிகள் இருக்கும் அலமாரிக்குள் அதை ஒன்று வைத்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

சிலிகா ஜெல் பொட்டலம் போடுகிறோமே என்பார்கள். போடலாம். ஆனால் அது ஒரு முறை ஈரம் குடித்து நிறைந்துவிட்டால் அதன் பிறகு வெறும் மணல்தான். நீல நிற வகை நிறைந்ததும் இளஞ்சிவப்பாக மாறும், அப்போது உலர்த்தி மறுபடி பயன்படுத்த வேண்டும். ஷூவோடு வந்த சின்னப் பொட்டலத்தை இரண்டு ஆண்டு அப்படியே விட்டுவிட்டு, "மருந்து போட்டுத்தான் வைத்தேன்" என்பதில் பொருளில்லை. அதே சமயம் பெட்டிக்குப் பத்துப் பொட்டலம் என்று அள்ளிப் போடுவதும் தவறு. மிகவும் வறண்டுபோனால் தோல் வெடிக்கும், பசை விடும்.

சிலர் காற்றை உறிஞ்சி எடுத்த பிளாஸ்டிக் உறையில் ஷூவை இறுக்கி வைக்கிறார்கள். ஈரம் போக நன்கு உலர்த்திய பின், பி.எச்.டி. கலக்காத உறையில் வைத்தால் அதனால் நன்மை உண்டு. மழை நாளில் பிரித்துப் பார்த்துவிட்டு, அந்த ஈரக் காற்றோடு சேர்த்துக் கட்டினால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாக ஆகும். ஊறுகாய் ஜாடியை ஈரக் கையோடு மூடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூச்சிக்கென்று நாப்தலீன் உருண்டை போடுவதும் கூடாது, அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

எவ்வளவு செய்தாலும் முதுமையைத் தள்ளிப் போடலாமே தவிர நிறுத்த முடியாது. ஆகையால் நாம் அந்தப் பையனிடம் முதலில் கேட்டது, "தயாரித்த தேதி என்ன?" என்பதுதான். வாங்கிய தேதியைச் சொன்னான். சரக்கின் வயது நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. நம் நாட்டில் விற்கும் பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பல ஷூக்களில் உள்நாக்கில் தைத்த சீட்டிலும் தயாரிப்புத் தேதி உண்டு. உதிர்ந்த மூன்று ஜோடியும் அவன் வாங்கும்போதே பத்து வயதைத் தாண்டியவை. பழையது என்பதால் மதிப்பு அதிகம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். பழைய புளிக்கும் பழைய அரிசிக்கும் அந்தக் கணக்குச் சரி.

வட்டிக் கணக்கையும் போட்டுப் பார்க்கச் சொன்னோம். ஐந்தரை லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வைத்தாலும் மாதம் 5,500. இரண்டு ஆண்டுக்கு 1,32,000 ரூபாய். அந்த அளவு விலை ஏறினால்தான் முதல் நட்டமில்லாமல் நிற்கும். இதற்கிடையில் தயாரிப்பாளர்களே பழைய மாதிரியை மறுபடி வெளியிடுகிறார்கள். 1995இல் வந்த பதினோராம் வரிசையின் கறுப்பு வெள்ளை மாதிரி 2000, 2011, 2018 என்று மூன்று முறை மீண்டும் கடைக்கு வந்தது. புதுச் சரக்கு பளிச்சென்ற சோலுடன் வந்து நிற்கும்போது, மஞ்சளித்த பழைய சரக்கை, அதற்கென்றே அலையும் சிலரைத் தவிர, யார் அதிக விலைக்குக் கேட்பார்கள்? எனவே வைத்திருப்பதற்கு ஒரு கெடுவைத்து, அதற்குள் விற்றுவிடுவதே வியாபாரம் என்பது நம் கருத்து. பையன் இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் தயாரித்த மாதத்தைப் பென்சிலால் பெரிதாக எழுதி, பழையதை முன்னால் வைத்திருக்கிறான்.

மஞ்சளை வெளுக்க வைக்கும் வித்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழகு நிலையங்களில் முடிக்குப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு பசையைச் சோலில் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வெயிலில் சில மணி நேரம் வைத்தால் மஞ்சள் குறையும். பழைய கம்ப்யூட்டர்களின் மஞ்சளித்த பெட்டியை வெளுக்க 2008 வாக்கில் வெளிநாட்டு ஆர்வலர்கள் பரப்பிய முறையும் இதுவே. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும். மேல்பாகத்துச் சாயத்தில் பட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். வெளுத்த வெண்மையும் நிலைப்பதில்லை, மாதங்கள் செல்ல மஞ்சள் திரும்பி வருகிறது. சொந்த உபயோகத்துக்கு யாரும் செய்துகொள்ளட்டும். ஆனால் இவ்விதம் வெளுத்த ஜோடியைப் "பெட்டி பிரிக்காதது" என்று சொல்லி விற்பது, பழுத்த பருப்பை எண்ணெய் தடவி மினுக்கி விற்பதற்குச் சமம். அந்தப் பதினோரு ஜோடியை இப்படி வெளுத்துத் தருவதாக ஒருவர் வந்தார். தகப்பனார் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சளைப் படம் எடுத்து, உள்ளதைச் சொல்லி, குறைந்த விலைக்கே கொடுத்தார்கள். பாதிக்குச் சற்று மேலே பணம் திரும்பிற்று. அவர் செய்ததே சரி என்று நாம் கருதுகிறோம்.

விலை உயர்ந்த ஷூ நம்மில் பலருக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். ஆனால் சிற்றூர்களில் மளிகையோடு பள்ளிக்கூட வெள்ளை கான்வாஸ் ஷூவும் ரப்பர் செருப்பும் வைத்து விற்கும் உறுப்பினர்கள் ஏராளம். ஜூன் மாத விற்பனைக்கு எடுத்ததில் சைஸ் கலைந்து மீந்தது அடுத்த ஜூன் வரை கிடக்கும். கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்த ஒற்றை ஷூ ஆறு மாத வெளிச்சத்தில் மஞ்சளித்து, பெட்டியில் இருக்கும் அதன் ஜோடி வெள்ளையாக இருக்க, இரண்டும் சேராமல் போன அனுபவம் எந்தக் கடைக்காரருக்கு இல்லை? பார்வைக்கு வைக்கும் ஷூவை மாதம் ஒரு முறை இடது வலது மாற்றி வைத்தால் இரண்டும் ஒரே நிறத்தில் நிற்கும். மேற்கு வெயில் விழும் கடையானால் அந்தத் தட்டில் கறுப்பு ஷூவை வையுங்கள். சிவப்பு, நீலச் செருப்பின் மேல் வெள்ளைச் சோல் படும்படி அடுக்க வேண்டாம், சாயம் ஏறிவிடும். நடுவில் ஒரு வெள்ளைத் தாள் போதும். பி.வி.சி. சோல் ஒன்றோடொன்று அழுந்திக் கிடந்தால் கோடையில் பிசுபிசுக்கும், அதற்கும் அதே தாள்தான். மீந்த சரக்கைப் பரணில் ஏற்றுமுன் பெட்டியில் உள்ள மாதத்தைப் பார்த்து, சென்ற ஆண்டுச் சரக்கை ஆயுத பூஜைக்குள் கழிவு விலையில் தள்ளிவிடுங்கள்.